சீரியலில் இருந்தால் கை கெட்டுவிடுமா? சிட்னி லூமெட்டை முன்வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: தொலைக்காட்சித் தொடர்களில் 3 ஆண்டாக உதவி இயக்குநராக இருக்கிறீர்கள். "இதிலேயே கிடந்தால் கை கெட்டுவிடும், அப்புறம் சினிமாவுக்கு ஆக மாட்டாய்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் தொலைக்காட்சியிலிருந்து வந்து, முதல் படமாகவே 'ட்வெல்வ் ஆங்ரி மென்' எடுத்தாரே, அவருக்கு உதவியது எனக்கு உதவாதா என்று கேட்டிருக்கிறீர்கள். லூமெட்டைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், இந்த 3 ஆண்டும் வீணாகிவிட்டதா என்பதுதான் உங்கள் மனசில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். 8 ஆண்டு சினிமாவில் உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று இருந்துவிட்டு, 14 ஆண்டாகத் தொடர்களில் எபிசோட் இயக்குநராக வேலை பார்க்கிறேன். லூமெட் செய்ததுபோன்ற நேரடி ஒளிபரப்பு நாடகம் நான் செய்ததில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எழுதியதைப் படித்தும், அந்தக் காலத்துப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் ஒரு தகவலைச் சரியாக வைத்துக்கொள்வோம். லூமெட் தொலைக்காட்சிக்கு வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. 1924இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா பாரூக் லூமெட், ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷில் நாடகம் போட்ட நடிகர். மகனும் சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார், 1935இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை நாடகத்தில் நடிக்கும்போது வயது 11. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் ரேடார் பழுதுபார்ப்பவராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தார். திரும்பி வந்து நியூயார்க்கில் சின்ன நாடகக் குழு நடத்தினார், நடிப்பு சொல்லிக்கொடுத்தார். 1950இல்தான் சிபிஎஸ் தொலைக்காட்சியில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார், அதுவும் யூல் பிரின்னரிடம். பின்னாளில் மொட்டைத் தலையோடு உலகமே அறிந்த அதே நடிகர்தான், அப்போது அவர் தொலைக்காட்சி இயக்குநர். 1951இல் பிரின்னர் 'த கிங் அண்ட் ஐ' மேடை நாடகத்தில் நடிக்கப் போய்விட, 'டேஞ்சர்' என்ற வாராந்திரத் தொடர் லூமெட்டின் கைக்கு வந்தது. உதவி இயக்குநருக்கு வாய்ப்பு கிடைக்கும் விதம் 70 ஆண்டுக்கு முன்னும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

'டேஞ்சர்' அரை மணி நேர நாடகம். நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போகும். காந்த நாடாவில் படத்தைப் பதிவு செய்யும் கருவி ஒளிபரப்புக்கு வந்ததே 1956 கடைசியில்தான். அதற்கு முன் மானிட்டருக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடிப்பார்கள், கினஸ்கோப் என்று பெயர். தூரத்து ஊர் நிலையங்களுக்கு அந்த ஃபிலிம் போகும். ஆக, இரண்டாவது டேக் என்ற பேச்சே கிடையாது. இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது கேமராவைத்தான். ஜூம் வைத்து வேண்டும்போது உள்ளே போய் வெளியே வரும் வசதி அப்போது அநேகமாக இல்லை. கேமராவின் முகத்தில் சுழலும் தட்டு ஒன்று இருக்கும், அதில் நாலு லென்ஸ். தன் கேமரா ஒளிபரப்பில் இல்லாத சில நொடிகளுக்குள் ஒளிப்பதிவாளர் தட்டைத் திருப்பி அடுத்த லென்ஸைக் கொண்டுவர வேண்டும். ஒளிபரப்பில் இருக்கும்போது திருப்பினால் ஊரே பார்க்கும். தரையில் கேபிள் வேறு கிடக்கும், ஒரு கேமரா தவறான பக்கம் நகர்ந்தால் மற்றது சிக்கிக்கொள்ளும். அதனால் எந்த வசனத்தில் எந்த கேமரா, எந்த லென்ஸ், அது எந்த வழியாக அடுத்த இடத்துக்குப் போகும் என்பதெல்லாம் ஒளிபரப்புக்குப் பல நாள் முன்பே இயக்குநரின் தாளில் இருந்தாக வேண்டும்.

எனக்கு இது உடம்பில் உறைத்தது ஒரு மேடை நிகழ்ச்சியில். 4 கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள், எந்த கேமராவின் படம் போக வேண்டும் என்று சொல்லும் பேனலில் முதல்முறையாக என்னை உட்கார வைத்தார்கள். முதல் 5 நிமிடம் நான் மானிட்டரில் நல்லதாகத் தெரிந்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் கண்டுபிடித்து "த்ரீ" என்று சொல்வதற்குள் அந்த முகபாவம் முடிந்துபோயிருக்கும். பக்கத்தில் பட்டனை அழுத்திக் கேமராவை மாற்றும் மூத்த ஸ்விட்சர் மெதுவாகச் சொன்னார்: "தேடாதீங்க சார், அடுத்தது என்னன்னு முன்னாடியே வாயில வெச்சுக்கங்க." லூமெட் ஆறேழு ஆண்டு வாராவாரம் செய்தது இதைத்தான். தொலைக்காட்சி அவருக்கு வேகத்தைக் கொடுத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முடிவை முன்கூட்டியே எடுத்துவிடும் பழக்கத்தைக் கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன். முடிவு எடுத்தாகிவிட்டால் வேகம் தன்னால் வரும்.

அங்கே கிடைத்த இன்னொன்று எழுத்தாளர்களோடு பழக்கம். 1953இல் தொடங்கிய 'யூ ஆர் தேர்' என்ற தொடரை அவர் இயக்கினார். சரித்திர நிகழ்ச்சிகளை இன்றைய செய்திபோல் நிருபர்கள் நேரில் நின்று சொல்லும் அமைப்பு, தொகுத்து வழங்கியவர் வால்டர் குரோங்கைட். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு வேலை மறுக்கப்பட்ட ஆபிரகாம் போலன்ஸ்கி, வால்டர் பெர்ன்ஸ்டீன், ஆர்னால்ட் மேனாஃப் மூவரும் மற்றவர்கள் பெயரில் அதற்கு எழுதினார்கள். அதே பெர்ன்ஸ்டீன்தான் 1964இல் லூமெட்டின் 'ஃபெயில் சேஃப்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார். லூமெட்டின் 'நெட்வொர்க்' படத்தை எழுதிய பேடி சயெஃப்ஸ்கியும் நேரடித் தொலைக்காட்சி நாடகத்தில் பேர் வாங்கியவரே. நல்ல எழுத்தை அடையாளம் காணும் கண்ணும், எழுதியவனை மதிக்கும் குணமும் லூமெட்டுக்கு எங்கிருந்து வந்தன என்று யோசிக்கும்போது எனக்கு இந்த வருடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, 'ட்வெல்வ் ஆங்ரி மென்' விஷயத்துக்கு வருவோம். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஓர் அறையில் உட்கார்ந்து வாதாடும் 12 ஜூரிகளின் கதை அது. ரெஜினால்ட் ரோஸ் இதை முதலில் எழுதியது தொலைக்காட்சிக்குத்தான். 1954 செப்டம்பரில் சிபிஎஸ்ஸின் 'ஸ்டுடியோ ஒன்' நாடக வரிசையில் நேரடியாகப் போனது, இயக்கியவர் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர். பிறகு நடிகர் ஹென்றி ஃபோண்டாவும் ரோஸும் சேர்ந்து படமாகத் தயாரித்தபோது லூமெட்டைக் கூப்பிட்டார்கள். செலவு சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் டாலர். 2 வாரம் ஒத்திகை, 3 வாரத்துக்குள் படப்பிடிப்பு. அநேகமாகப் படம் முழுக்க ஒரே அறை, 12 நாற்காலி.

அந்த அறையை அவர் எடுத்த விதத்தை 1995இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே விளக்கியிருக்கிறார். படத்தின் முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு வரும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே இறங்கிவிடும், அதனால் கூரை தெரிய ஆரம்பிக்கும். கூடவே லென்ஸும் போகப்போக நீளமாகும், அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் வகைக்கு மாறும், பின்னால் இருக்கும் சுவர் ஆளின் முதுகோடு வந்து ஒட்டும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, மூச்சு முட்டும். எல்லாம் முடிந்து வெளியே படிக்கட்டுக்கு வரும்போது மறுபடி அகலமான லென்ஸ், அப்போதுதான் நமக்கும் காற்று வரும். ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன். அவர் 'ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், அவரிடம் 32 வயது அறிமுக இயக்குநர் இப்படி ஒரு திட்டத்தோடு போய் நின்றிருக்கிறார்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, ஷூட்டிங்கில் நிற்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் முழுசாகப் புரியும். ஒரு பக்கத்துக்கு லைட்டிங் செய்துவிட்டு மறுபக்கம் திரும்பினால் மணிக்கணக்கில் போய்விடும். அதனால் லூமெட் நாற்காலி நாற்காலியாக எடுத்தார். ஒரு பக்கத்து லைட்டிங்கில் படம் முழுக்க வரும் அந்தப் பக்கத்து ஷாட்களை எல்லாம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். ஃபோண்டாவும் இன்னொரு ஜூரியாக நடித்த லீ ஜே. காபும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மோதும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஃபோண்டாவின் முகம் ஒரு நாள், காபின் முகம் வேறொரு நாள். இரண்டுக்கும் நடுவில் கதையின் வேறெங்கெங்கோ இருக்கும் ஷாட்கள். கோபத்தின் அளவு கூடக் கூடாது, குறையவும் கூடாது. லெஃப்ட் லுக், ரைட் லுக், அதாவது யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது மாறக் கூடாது. எந்த வசனத்தில் வியர்வை எவ்வளவு என்பதுகூடப் பொருந்த வேண்டும். ஒரு நாள் ஷூட்டில் 6 சீனுக்கு கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்தே திண்டாடும் நமக்கு இது என்ன காரியம் என்று தெரியும். அந்த 2 வார ஒத்திகை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. நடிகர்களுக்கு முழுப் படமும் உடம்பில் ஏறியிருந்தது. அதனால் எங்கே வெட்டி எடுத்தாலும் அந்த இடத்தின் சூடு சரியாக வந்தது.

இதே பழக்கம் பின்னாலும் அவரை விடவில்லை. 1975இல் வந்த 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்தில் அல் பசினோ வங்கிக்குள் இருந்துகொண்டு அடுத்தடுத்து இரண்டு போன் பேசுவார். லூமெட் அதை நடுவில் வெட்டாமல் எடுக்க நினைத்தார். ஆனால் கேமராவில் போடும் ஆயிரம் அடி ஃபிலிம் ஓடுவது பதினோரு நிமிடம், சற்றே கூட. அந்த இரண்டு அழைப்பும் சேர்ந்தால் அதைவிட நீளம். என்ன செய்தார் தெரியுமா? முதல் கேமராவை ஒட்டி இரண்டாவது கேமராவை வைத்து, ஒன்றில் ஃபிலிம் தீரும் முன் மற்றதை ஓடவிட்டார். பசினோ முழுசாக நடித்து முடித்துக் களைத்துப்போனார். ஃபிலிம் மாற்றியதும் உடனே இன்னொரு முறை என்றார் லூமெட். அந்தப் பாத்திரம் நாள் முழுக்க அடைபட்டுத் தளர்ந்துபோன ஆள், அந்தத் தளர்ச்சி நடிகனின் முகத்தில் நிஜமாகவே வந்திருந்தது. நேரடி ஒளிபரப்பில் நடிகர் நிறுத்தாமல் ஓடும்போது என்ன கிடைக்கும் என்று அறிந்தவருக்குத்தான் அந்த இரண்டாவது கேமரா தோன்றும் என்று நான் நம்புகிறேன்.

'நம்புகிறேன்' என்று சொன்னதைக் கவனியுங்கள். இதுவரை சொன்ன வருடங்கள், வேலைகள், லென்ஸ் திட்டம், நாற்காலிக் கணக்கு எல்லாம் உறுதியானவை. தொலைக்காட்சிதான் அவரை உருவாக்கியது என்பது அந்த அளவுக்கு உறுதியானது இல்லை. அவர் 4, 5 வயதிலிருந்து மேடையில் வளர்ந்தவர், ஒத்திகை மேல் இருந்த பிடிப்பு அங்கிருந்தும் வந்திருக்கலாம். அதே காலத்தில் அதே பட்டறையில் இருந்து வந்தவர்களைப் பாருங்கள். டெல்பர்ட் மான் 1955இல் 'மார்ட்டி'யை எடுத்து முதல் படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார். பிறகு நிறைய எடுத்தும் அதற்கு நிகரானது அவரிடமிருந்து வரவில்லை என்பது என் கருத்து. ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1962இல் 'த மஞ்சூரியன் கேண்டிடேட்' எடுத்தார், அதில் கேமரா படபடக்கும். 'ட்வெல்வ் ஆங்ரி மென்'னை முதலில் தொலைக்காட்சியில் செய்த ஷாஃப்னரோ 'பேட்டன்' என்று பிரம்மாண்டமான பக்கம் போனார். ஒரே பள்ளிக்கூடம், ஆளுக்கொரு வழி. அதனால் பள்ளிக்கூடத்துக்கு முழு மதிப்பெண்ணையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழியில் ஒரு விலையும் இருக்கிறது. லூமெட்டுக்கென்று தனிப் பாணி இல்லை, கிடைத்த கதையை எடுத்துக் கொடுப்பவர் என்ற விமர்சனம் கடைசிவரை இருந்தது. அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல் இயக்குநர்களை வகை பிரித்து எழுதியபோது இவரை உயர்ந்த வரிசையில் சேர்க்கவில்லை. 50 ஆண்டில் 40க்கும் மேற்பட்ட படங்கள், அவற்றில் சுமாரானவை நிறைய, 1978இல் வந்த 'த விஸ்' போல் பெரும் செலவில் விழுந்ததும் உண்டு. போட்டியில் ஒரு ஆஸ்கரும் கிடைக்கவில்லை, 2005இல் கௌரவ விருதுதான் கொடுத்தார்கள். ஆனால் பாணி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அது பாணி என்பது அவர் கட்சி. 'நெட்வொர்க்'கை மறுபடி பாருங்கள்: தொடக்கத்தில் இயல்பான, மங்கலான வெளிச்சம், முடிவுக்கு வரும்போது விளம்பரப் படம்போல் பளபளவென்று ஆகிவிடும். தொலைக்காட்சி மனிதர்களைக் கெடுக்கும் கதையில் கேமராவும் சேர்ந்து கெடுகிறது. எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

இப்போது உங்கள் விஷயம். உங்கள் தொடரும் லூமெட்டின் தொடரும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு வேலைகள், இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒத்திகை இருந்தது. தினசரித் தொடரில் சீன் பேப்பரே, அதாவது காட்சியும் வசனமும் எழுதிய தாளே, பல நாள் அன்று காலையில்தான் வருகிறது. நடிகருக்கு வசனம் தெரியாது, கேமராவுக்குப் பின்னால் நின்று நீங்கள் வரி வரியாக எடுத்துக்கொடுத்து ப்ராம்ப்ட் செய்தால்தான் தெரியும். அவரால் முடிவு எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நமக்கு எல்லா வசதியும் இருக்கிறது, எதையும் முடிவு செய்யாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். முழுக் காட்சியும் தெரியும் மாஸ்டர் ஒன்று, ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் சஜஷன் இரண்டு பக்கமும், எல்லோருக்கும் முகத்தைக் கிட்டே காட்டும் க்ளோஸ், சேஃப்டிக்கு இன்னொன்று. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வோம். கையைக் கெடுப்பது இந்த சேஃப்டிதான். கூட இருப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அவர்கள் காரணத்தை மட்டும் தொலைக்காட்சி மேல் போடுகிறார்கள்.

நானே இதில் விழுந்தவன். தொடர் இயக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, அப்பாவும் மகளும் பல வருடம் கழித்துப் பேசிக்கொள்ளும் ஒரு சீன். எல்லா அளவிலும் எடுத்துத் தள்ளினேன். எடிட்டர் வெட்டிக் காட்டினார், தப்பு எதுவும் இல்லை, ஒன்றும் உறைக்கவும் இல்லை. "சார், இதுல யாரோட சீன் இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எடுக்கும்போதே அதை நான் யோசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சீன் பேப்பர் கைக்கு வந்ததும் அதன் பின்பக்கத்தில் அறையைக் கோடாகப் போட்டு, 4 ஷாட்தான் அனுமதி என்றால் எந்த 4 என்று எழுதிவிடுவேன். அப்புறம் சேனலுக்கு வேண்டிய க்ளோஸ் எல்லாம் எடுத்துக் கொடுத்தாலும், அந்த 4 முதலில் முடிந்திருக்கும். லைட்டிங் நடக்கும் 10 நிமிடத்தில் நடிகர்களை ஓரமாக உட்கார வைத்து, ப்ராம்ப்ட் இல்லாமல் ஒரு முறை வசனத்தை ஓட்டிவிடுவேன். இதை உதவி இயக்குநராகவே நீங்கள் செய்யலாம். உங்கள் 4 ஷாட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். எபிசோட் ஒளிபரப்பாகும்போது தாளை வைத்துக்கொண்டு பாருங்கள், எங்கே நீங்கள் சரி, எங்கே இயக்குநர் சரி என்று தெரியும். ஓராண்டு செய்தால் 200க்கு மேல் சீன் உங்கள் மனசுக்குள் இயக்கியிருப்பீர்கள். சினிமாவில் உதவியாளராக இருந்தபோது எனக்கு இத்தனை சீன் பார்க்கக் கிடைக்கவில்லை.

இது வாய்ப்பைக் கொண்டுவரும் என்று என்னால் சொல்ல முடியாது. லூமெட் பெரும்பாலும் மற்றவர் எழுதியதை எடுத்தவர், அவரைக் கூப்பிட ஒரு ஃபோண்டா இருந்தார். இன்று தொடரிலிருந்து வரும் ஆளிடம் முதலில் கேட்பது "ஸ்கிரிப்ட் இருக்கா?" என்றுதான். எழுதாமல் இருந்தால் கை எவ்வளவு நன்றாக இருந்தும் கதவு திறப்பது கஷ்டம். அதனால் எழுதுங்கள், அல்லது எழுதுகிற ஒருவரை நண்பராகப் பிடித்துக்கொள்ளுங்கள், லூமெட் பிடித்துக்கொண்டதுபோல.

தொலைக்காட்சியை அவர் ஏறி வந்த ஏணியாக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2001இல், 76 வயதில், '100 சென்டர் ஸ்ட்ரீட்' என்ற நீதிமன்றத் தொடருக்காக மறுபடி அங்கே போனார். அது ஹைடெஃபினிஷன் டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தோடு 2006இல் ஒரு படமும், 2007இல் 'பிஃபோர் த டெவில் நோஸ் யூ ஆர் டெட்'டும் டிஜிட்டலிலேயே எடுத்தார். பின்னதைப் பார்த்தால் 83 வயது ஆளின் கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2011இல் இறந்தார். அதுதான் அவர் கடைசிப் படம்.

எதை முதலில் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 'ட்வெல்வ் ஆங்ரி மென்'னின் 1954 தொலைக்காட்சி வடிவத்தின் முழுப் பிரதி 2003இல்தான் கிடைத்தது. அதைப் பாருங்கள், அடுத்த நாள் 1957 படத்தைப் பாருங்கள். ஜோசப் ஸ்வீனியும் ஜார்ஜ் வாஸ்கோவெக்கும் இரண்டிலும் அதே பாத்திரத்தில் நடித்திருப்பதால் ஒப்பிடுவது சுலபம். அப்புறம் படத்தை மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். கூரை முதல்முறை எப்போது கண்ணில் படுகிறது என்று நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு, அந்த நிமிடத்தில் மேஜையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.